சாம்பல் நிறத்து விடியல்: ஃபேட்ஸ் வார்னிங் குழுவும் ப்ரோக்ரெசிவ் மெட்டல் கைவிட்ட பாதையும்

ப்ரோக்ரெசிவ் மெட்டல் என்னும் இசைவகை 1992 ஜூலையில், டிரீம் தியேட்டர் குழுவின் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ வெளிவந்தபோது பிறந்தது என்றும், அதற்கு முன் நடந்தவை எல்லாம் அந்தப் பிறப்புக்கான ஒத்திகைகளே என்றும் சொல்லும் வழக்கம் இன்று வேரூன்றிவிட்டது. இந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்த இசைத்தொகுப்பு அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கு உரிய தங்கச் சான்றிதழைப் பெற்றது. எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘புல் மீ அண்டர்’ என்ற அதன் முதல் பாடல், நான்கு நிமிடப் பாடல்களுக்கே இடம் தரும் வானொலியிலும் எம்டிவியிலும் ஒலித்தது. ஆனால் ஒரு கலைவடிவம் பெருந்திரளைச் சென்றடைந்த நாளை அது பிறந்த நாளாகப் பதிவுசெய்யும்போது, அதற்கு முந்தைய பத்தாண்டு உழைப்பு மறைந்துபோகிறது. அதைவிடக் கேடான இன்னொரு விளைவாக, வென்ற குழுவின் இயல்புகளே அந்த வடிவத்தின் இலக்கணமாகவும் ஆகிவிடுகின்றன. விரல்வேகம், நீண்ட தனிவாசிப்பு, கிதாரும் கீபோர்டும் ஒரே வரியை ஒருசேர ஓடிக் காட்டும் சாகசம் ஆகியவைதான் ப்ரோக்ரெசிவ் மெட்டல் என்று இளம் கேட்பவர்கள் நம்புவதற்கு இந்தத் தவறான பிறப்புக்கதையே காரணம். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தோன்றிய ஃபேட்ஸ் வார்னிங் குழுவின் வரலாற்றை, குறிப்பாக அதன் கிதார் கலைஞரும் முதன்மைப் படைப்பாளியுமான ஜிம் மாத்தியோஸின் வரலாற்றை ஒழுங்காகப் படித்தால் இந்த நம்பிக்கை நிலைக்காது.

சொற்களின் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 1970களில் ப்ரோக்ரெசிவ் ராக் என்று பெயர்பெற்ற இசை, பாட்டின் வழக்கமான பல்லவி-சரண அமைப்பை உடைத்து, ஐரோப்பியச் செவ்வியல் இசையின் நீண்ட வடிவங்களையும் மாறும் தாளங்களையும் ராக் இசைக்குள் கொண்டுவந்தது. ஹெவி மெட்டல் அதே காலத்தில், ஒலி சிதைக்கப்பட்ட கிதாரின் கனத்தையும், ‘ரிஃப்’ எனப்படும், ஒரு பாட்டின் முதுகெலும்புபோல் திரும்பத் திரும்ப வரும் குறுகிய கிதார் சொற்றொடரையும் அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. டொராண்டோவின் ரஷ் குழு 1976இல் ‘2112’ வழியாக இவ்விரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்று காட்டியது. அதன்பின் 1980களின் நடுவில், ஒன்றையொன்று பெரிதும் அறியாமலே, அமெரிக்காவின் வெவ்வேறு மூலைகளில் அந்த வீட்டுக்குப் புதிய அறைகள் கட்டப்பட்டன. சியாட்டில் பகுதியிலிருந்து குவீன்ஸ்ரைக், டெக்சஸின் ஆஸ்டினிலிருந்து வாட்ச்டவர், ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஃபேட்ஸ் வார்னிங். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பின்னாளைய டிரீம் தியேட்டர் இளைஞர்கள் 1985இல் ‘மெஜஸ்டி’ என்ற பெயரில் கூடியபோது, இந்த மூன்று குழுக்களின் முதல் பதிவுகளும் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டிருந்தன அல்லது வந்துகொண்டிருந்தன.

ஃபேட்ஸ் வார்னிங்கின் தொடக்கம் அப்படி ஒன்றும் வியப்பூட்டுவதன்று. 1982இல் ‘மிஸ்ஃபிட்’ என்ற பெயரில் தொடங்கி, மெட்டல் பிளேட் நிறுவனத்தின் ‘மெட்டல் மாசக்கர்’ வரிசையின் ஐந்தாம் தொகுப்பில் ஒரு பாடலோடு அறிமுகமாகி, 1984இல் ‘நைட் ஆன் புரோக்கன்’ என்ற முதல் தொகுப்பை வெளியிட்டபோது, அவர்கள் அயர்ன் மெய்டனின் பக்திமிக்க மாணவர்களாகவே ஒலித்தார்கள். 1985இன் ‘தி ஸ்பெக்டர் விதின்’ அந்த மாணவப் பருவத்தைக் கடந்தது. அதன் இறுதிப் பாடலான ‘எபிடாஃப்’ பன்னிரண்டு நிமிடம் நீண்டு, ஒரு ரிஃப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் ஊர்ந்து செல்லக் கற்றிருந்தது. அடுத்த ஆண்டு வெளியான ‘அவேக்கன் தி கார்டியன்’ இன்றும் ஒரு பிரிவினருக்கு வேதநூல். பாடகர் ஜான் ஆர்ச்சின் உச்சக்குரல் கிதார் போடும் பாதையில் நடக்க மறுத்து, அதற்கு மேல் தனக்கென ஒரு கோலத்தை வரைந்துகொண்டே போகும். புராணமும் கனவும் மாயமும் கலந்த அவருடைய வரிகள் தாளக்கட்டுக்குள் அடங்காமல் வழிந்து அடுத்த சுற்றுக்குள் விழும். மெட்டல் இசையில் குரல் இவ்வளவு விடுதலையோடு இயங்கியது அதற்கு முன் அரிது என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இந்த மதிப்பே இன்னொரு தவறான பார்வைக்கு இடம்கொடுத்திருக்கிறது. ஆர்ச் விலகிய 1987ஆம் ஆண்டோடு உண்மையான ஃபேட்ஸ் வார்னிங் முடிந்துவிட்டது என்று வாதிடும் ரசிகர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கணிசமாக உண்டு. 2016இல் ஜெர்மனியின் ‘கீப் இட் ட்ரூ’ விழாவிலும் அமெரிக்காவின் ‘ப்ரோக்பவர்’ விழாவிலும் பழைய உறுப்பினர்கள் கூடி ‘அவேக்கன் தி கார்டியன்’ முழுவதையும் வாசித்தபோது, அந்தத் தரப்பு தன் வாதம் வென்றதாகவே கருதியது. ஆர்ச் காலத்தின் அழகு உண்மையானது. எனினும் அது நிறைந்து ததும்பும் அழகு. ஒவ்வொரு அங்குலத்தையும் இழைத்து நிரப்பும் இளமையின் அழகு. அங்கிருந்து மேலும் நிரப்பிக்கொண்டே போவதற்கு வழியில்லை. மாத்தியோஸ் அதை உணர்ந்து, அடுத்த பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனார். அவருடைய மேதைமை அந்தக் குறைத்தலில்தான் இருக்கிறது. வரலாறு எழுதியவர்கள் கோட்டைவிட்டதும் அங்கேதான்.

டெக்சஸிலிருந்து வந்த ரே ஆல்டர் பாடகராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியே இருந்தது. ஓஸி ஆஸ்போர்னின் முதல் தனித்தொகுப்புகளோடு தொடர்புடைய மேக்ஸ் நார்மன் தயாரிப்பில் 1988இல் வெளிவந்த ‘நோ எக்ஸிட்’, இடைமாறும் காலத்தின் தொகுப்பு. அதன் முதற்பக்கப் பாடல்கள் அந்தக் காலத்துத் திராஷ் மெட்டலின், அதாவது அதிவேகமும் கூர்மையும் கொண்ட மெட்டல் வகையின், சாயலை வலிந்து ஏற்றுக்கொண்டவை. இன்று கேட்கையில் அவை தம் வயதைக் காட்டிவிடுகின்றன. இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைத்த, எட்டுப் பகுதிகள் கொண்ட ‘தி ஐவரி கேட் ஆஃப் ட்ரீம்ஸ்’ வேறு தரத்தது. பொய்க்கனவுகள் தந்தத்தால் ஆன வாயில் வழியாக வருகின்றன என்ற கிரேக்கக் காவிய மரபிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம் ஒரே மனநிலையின் பல தளங்களைத் தேடிச் செல்லும் அந்தப் படைப்பில், ஒன்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் பெரும்படைப்பின் விதை இருப்பதைப் பின்னோக்கிப் பார்க்கையில் காணலாம்.

1989இன் ‘பெர்ஃபெக்ட் சிம்மெட்ரி’யிலிருந்துதான் உண்மையான பாதை தொடங்குகிறது. இங்கே இரண்டு பெரிய மாற்றங்கள் ஒரே சமயத்தில் நடந்தன. ஆர்ச்சின் மாயக்கோட்டைகளும் காவலர்களும் முற்றிலும் மறைந்து, மாத்தியோஸின் வரிகளில் நகரத்துச் சலிப்பும், பேச முடியாமல் போன உறவுகளும், இயந்திரமாகிப்போன உழைப்பும் குடியேறின. லாஸ் ஏஞ்சல்ஸின் வார்லார்டு குழுவிலிருந்து வந்த மார்க் ஸாண்டர் டிரம்ஸ் வாசிப்பவராகச் சேர்ந்தார். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். மெட்டல் டிரம்ஸ் வாசிப்பு பொதுவாக இரண்டு கால்களின் வேகத்தையும் பெரிய தாளத்தட்டுகளின் முழக்கத்தையும் நம்பியது. ஸாண்டரோ, காலால் திறந்து மூடும் இணைத்தட்டான ‘ஹை-ஹேட்’டிலும், ‘கோஸ்ட் நோட்’ எனப்படும், காதுக்கு எட்டியும் எட்டாமலும் தோலை உரசிச் செல்லும் மெல்லடிகளிலும் தம் கலையைக் கட்டினார். ‘பார்ட் ஆஃப் தி மெஷின்’ என்ற முதல் பாடலின் தொடக்கத்தில், அழுத்தமான அடி எங்கே விழும் என்று காது கணக்குப் போடுகிறதோ அங்கே விழாமல், ஒரு இமைப்பு முன்போ பின்போ விழுந்து, நான்காவது ஐந்தாவது சுற்றில்தான் அந்த ஒழுங்கின்மைக்குள் இருக்கும் ஒழுங்கைக் கேட்பவருக்குப் புலப்படுத்தும் அவருடைய வாசிப்பு, பாட்டின் பொருளோடு இசைந்தது. இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மனிதனின் தடுமாற்றம் அந்த அடிகளிலேயே கேட்கிறது.

ஏழு, ஐந்து, ஒன்பது என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் சுழலும் தாளங்களை மேற்கத்திய விமர்சகர்கள் பெரும் விந்தையாக எழுதுவது வழக்கம். மிஸ்ர சாபுவையும் கண்ட சாபுவையும் கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழும் ஐந்தும் விந்தையே இல்லை. ஒரு சாதாரணக் கீர்த்தனையில் அவை மூச்சுப்போல் வந்துபோகும். எண்ணிக்கையைக் கொண்டு இந்த இசையை மதிப்பிடுவது எவ்வளவு மேம்போக்கானது என்பதை இதனால் எளிதில் உணரலாம். ஒரு தாளச்சுற்று ஏழு என்பதால் உயர்ந்துவிடுவதில்லை. அந்த ஏழு பாட்டில் என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி. ஃபேட்ஸ் வார்னிங்கில் அது மனநிலையின் வேலையைச் செய்தது. நிம்மதியற்ற ஒரு நினைவு அடங்காமல் முன்னதாகவே திரும்பி வந்துவிடுவதைச் சொல்ல நான்கு எண்ணிக்கையில் ஓர் அடி குறைந்தால் போதும் என்பதை மாத்தியோஸும் ஸாண்டரும் அறிந்திருந்தார்கள்.

இதே தொகுப்பில் ‘அட் ஃபேட்ஸ் ஹேண்ட்ஸ்’ என்ற பாடலில் கீபோர்டு வாசித்தவர் கெவின் மூர். அவர் அப்போது டிரீம் தியேட்டரின் உறுப்பினர். 1991 அக்டோபரில் வந்த ‘பேரலல்ஸ்’ தொகுப்பின் ‘லைஃப் இன் ஸ்டில் வாட்டர்’ பாடலில் பின்னணிக்குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் லப்ரீ. அவர் டிரீம் தியேட்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த பாடகர். ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ வெளிவருவதற்கு ஒன்பது மாதம் முன்பே லப்ரீயின் குரல் ஒரு ஃபேட்ஸ் வார்னிங் தொகுப்பில் பதிவாகிவிட்டது. போதாக்குறைக்கு, லப்ரீயைக் கண்டடைவதற்கு முன் டிரீம் தியேட்டர் பாடகராகக் கருதியவர்களில் ஜான் ஆர்ச்சும் ஒருவர். அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னாய் ஃபேட்ஸ் வார்னிங்கின் மீது தமக்குள்ள பற்றை ஒருபோதும் மறைத்ததில்லை. பிறப்புக்கதை சொல்பவர்கள் மறந்தாலும், பிறந்ததாகச் சொல்லப்படும் குழுவே தன் மூத்தவர்களை அறிந்திருந்தது என்பதற்கு இவை சான்று.

‘பேரலல்ஸ்’ பற்றி ஒரு பொதுவான ஏளனம் உண்டு. ரஷ் குழுவின் 1970களின் தொகுப்புகளைச் செதுக்கிய டெர்ரி பிரவுன் தயாரித்த இதில் பாடல்கள் சுருங்கி, ஒலி பளபளப்பாகி, வானொலிக்கு ஏங்கும் குணம் வந்துவிட்டது என்பதே அந்தக் குற்றச்சாட்டு. ஏக்கம் இருந்தது உண்மை. ‘ஐ டு ஐ’ போன்ற பாடல்கள் அதற்காகவே எழுதப்பட்டவை. ஆனால் ‘தி இலெவன்த் ஹவர்’ என்ற பாடலை நிதானமாகக் கேட்டால் குற்றச்சாட்டின் அவசரம் புரியும். தனித்து ஒலிக்கும் தெளிந்த கிதாரோடு தொடங்கி, எட்டு நிமிடப் பாட்டின் பெரும்பகுதியில் தன் கனத்தைக் காட்டாமல் தேக்கிவைத்து, திறந்துவிடும் தருணத்தில்கூட முழுவதையும் கொட்டிவிடாத அந்தப் பாடல், எளிமையான தோற்றத்துக்கு உள்ளே எவ்வளவு நுட்பத்தைப் புதைத்துவைக்கலாம் என்பதற்கான பாடம். ஆல்டரின் குரலும் இங்கேதான் தன் இடத்தைக் கண்டது. உச்சத்தில் கத்துவதை விட்டு, நடுத்தரத் தளத்தில் நின்று, களைத்துப்போன ஒரு மனிதன் பேசுவதுபோல் பாட அவர் கற்றுக்கொண்டார்.

1994இல் வந்த ‘இன்சைட் அவுட்’ அதே பாதையின் சற்றுச் சோர்ந்த தொடர்ச்சி. சியாட்டிலின் கிரஞ்ச் அலை பழைய மெட்டல் குழுக்களை வரிசையாகக் கரையொதுக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. தொடக்கம்முதல் உடனிருந்த பேஸ் கிதார் கலைஞர் ஜோ டிபியாசியும், இரண்டாம் கிதார் கலைஞர் ஃபிராங்க் அரெஸ்டியும் விலகினார்கள். விற்பனை இல்லை, குழு பாதியாகிவிட்டது, இசைவகையே வழக்கொழிந்ததாகக் கருதப்பட்டது. இப்படிப்பட்ட நிலையில் பெரும்பாலான குழுக்கள் காலத்துக்கு ஏற்பக் கிதாரைத் தாழ்த்திச் சுருதி சேர்த்து, அலைக்குப் பின்னால் ஓடின. மாத்தியோஸ் செய்ததோ, ஒரு வாழ்நாளில் எல்லாக் கலைஞர்களுக்கும் வாய்க்காத வகைத் துணிச்சல்.

‘எ பிளசண்ட் ஷேட் ஆஃப் கிரே’ 1997இல் வெளிவந்தது. பன்னிரண்டு பகுதிகள், அவற்றுக்குத் தனித்தலைப்புகள் இல்லை, எண்கள் மட்டுமே. ஏறத்தாழ ஐம்பத்துநான்கு நிமிடம் நீளும் ஒரே பாடல். ஒரு தொகுப்பை ஒரே பாடலாக அமைப்பது அதுவரை இல்லாத புதுமை என்று சொல்ல முடியாது. ஜெத்ரோ டல் 1972இல் அதைச் செய்துவிட்டது, ஸ்வீடனின் எட்ஜ் ஆஃப் சேனிட்டி 1996இல் ‘கிரிம்சன்’ வழியாகத் தீவிர மெட்டலிலும் செய்துகாட்டியது. மாத்தியோஸின் புதுமை அந்த நீளத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதில் இருக்கிறது. நீண்ட வடிவம் என்றால் காவியம், போர், விண்வெளி, தலைமுறைகளின் கதை என்பது ப்ரோக்ரெசிவ் மரபின் எழுதப்படாத விதி. இங்கே கதை என்று ஏதும் இல்லை. நள்ளிரவில் தூக்கம் வராமல் படுத்திருக்கும் ஒருவரின் மனம், முடிந்துபோன ஓர் உறவையும், செய்திருக்கக்கூடிய ஆனால் செய்யாத காரியங்களையும் சுற்றிச் சுற்றி வருகிறது, விடிகிறது. அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த இசையின் மொத்த நிகழ்வும் ஒரு படுக்கையறைக்குள், ஒரு மண்டைக்குள் நடந்து முடிகிறது.

இந்தச் சுருக்கத்துக்கு ஏற்ற ஐந்து பேர் அமைந்தார்கள். மாத்தியோஸ், ஆல்டர், ஸாண்டர் ஆகியோரோடு, ஆர்மர்ட் செயின்ட் குழுவின் ஜோயி வேரா பேஸ் கிதாரை ஏற்றார்; 1994இல் டிரீம் தியேட்டரை விட்டு வெளியேறியிருந்த கெவின் மூர் விருந்தினராகக் கீபோர்டுக்கு வந்தார். டெர்ரி பிரவுன் மீண்டும் தயாரிப்பாளரானார். மூரின் பங்கு தனியாகப் பேசப்பட வேண்டியது. கீபோர்டு கலைஞர் என்றால் கிதாரோடு ஓட்டப்பந்தயம் ஓட வேண்டும் என்று இந்த இசைவகை பின்னாளில் முடிவுகட்டிவிட்டது. மூர் இங்கே ஒரு முறைகூட ஓடவில்லை. ஒரு பியானோ சொற்றொடர், தொலைவில் எங்கோ மின்விசிறி சுற்றுவதுபோன்ற ஒரு நீண்ட ஒலி, சொல்லாமல் விட்டதைச் சுட்டும் ஒரு தனிச் சுரம் என்று, இருட்டுக்குள் கண் பழகப் பழகத் தெரியவரும் பொருள்களைப்போல் அவருடைய ஒலிகள் வந்து நிற்கின்றன. மாத்தியோஸும் தம்மைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒரு கிதார் கலைஞர் எழுதிய ஐம்பத்துநான்கு நிமிட மெட்டல் படைப்பில் கிதாரின் தனிவாசிப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது, அந்த மரபின் உள்ளே இருப்பவர்களுக்கே புரியக்கூடிய அளவு பெரிய துறவு.

படைப்பின் முதல் பகுதி, எங்கிருந்து தொடங்குவது என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் தாழ்ந்த குரலோடு தொடங்குகிறது. அதில் அறிமுகமாகும் இசைத்துணுக்குகள் பின்வரும் பகுதிகளில் வேறு வேகத்தில், வேறு கனத்தில், சிலபோது வேறு கருவியில் திரும்பி வருகின்றன. செவ்வியல் இசையில் இந்த உத்தி பழையதுதான். ஆனால் இங்கே திரும்பி வருதல் என்பதே பாட்டின் உட்பொருளாகவும் இருக்கிறது. தூக்கமற்ற இரவில் மனம் வேலைசெய்யும் விதம் அதுவே. ஒரு வாக்கியம், ஒரு முகம், ஒரு கதவு சாத்தப்பட்ட ஓசை, பத்து நிமிடம் கழித்து மீண்டும், இம்முறை இன்னும் கூர்மையாக. மூன்றாம் பகுதியின் கனத்த ரிஃப் திடுக்கிட வைப்பதற்குக் காரணம் அதன் வேகமோ சிக்கலோ அன்று. அதுவரை போர்வைக்குள் அடக்கிவைத்திருந்த ஒன்று எழுந்து உட்கார்ந்துவிட்டதே காரணம். உருவமும் உள்ளடக்கமும் இப்படி ஒன்றாகிவிட்ட இன்னொரு படைப்பை இந்த இசைவகையின் நாற்பது ஆண்டில் காட்டுவது கடினம். இறுதிப் பகுதி தன் நீளத்தையெல்லாம் கடந்து தேய்ந்தபின், விழிப்பு மணி அடிக்கிறது. உறங்காதவனை எழுப்ப வரும் மணி. அதற்குமேல் இசை இல்லை.

அந்தத் தொகுப்பு வெளிவந்தபோது கடையில் அதற்கு வரவேற்பு பெரிதாக இல்லை. குழு அதை மேடையில் முழுமையாக வாசித்தது. 1998இன் ‘ஸ்டில் லைஃப்’ என்ற நேரடிப் பதிவு அதற்குச் சான்று. மேடையில் பாட்டுக்கு நடுவே கைதட்டலுக்கு இடம்விடாமல் ஒரு மணி நேரம் ஒரு மெட்டல் கூட்டத்தைக் கட்டிப்போட முடிந்தது என்பதை அந்தப் பதிவைக் கேட்கக் கேட்க நம்ப வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டிலேயே திசை வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1999இல் டிரீம் தியேட்டர் வெளியிட்ட ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ ஒரு கொலை, மறுபிறவி, மனோவசியச் சிகிச்சை என்று முழுநீளக் கதையைச் சொன்னது. அது ஒரு திறமையான படைப்பு. அதன் சில பாடல்களின் உருக்கம் மறக்க முடியாதது. ஆனால் அதற்குப் பின்வந்த நூற்றுக்கணக்கான குழுக்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது உருக்கத்தை அன்று. ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ என்ற குரலற்ற பகுதியின் தாளமாற்றங்களை. எத்தனை முறை தாளம் மாறுகிறது என்று எண்ணிப் பட்டியலிடுவதே ரசனை என்று ஒரு தலைமுறை பழகிக்கொண்டது. இசைக் கல்லூரிகளின் பயிற்சியறைகளிலிருந்து நேராக மேடைக்கு வந்த இந்த இசையில் எல்லாம் சரியாக இருந்தது. நள்ளிரவில் விழித்திருக்கும் அந்த மனிதன் மட்டும் இல்லை. மெட்டல் கேட்காதவர்கள் இந்த இசைவகையை உயிரற்ற வித்தை என்று ஒதுக்கும்போது அதன் அன்பர்கள் சினம்கொள்கிறார்கள். அந்தச் சினத்துக்கு உரிமை வேண்டுமானால் 1997ஐ முன்வைத்துப் பேசியிருக்க வேண்டும்; அவர்கள் 1999ஐ முன்வைத்தார்கள்.

மாத்தியோஸ் தம் வழியில் இன்னும் சிறிது தூரம் சென்றார். 2000இன் ‘டிஸ்கனெக்டட்’ மூரின் மின்னணு ஒலிகளை இன்னும் உள்ளே அனுமதித்து, மனிதர்களிடையே அறுந்துபோன தொடர்பைப் பேசியது. பதினாறு நிமிடம் நீளும் ‘ஸ்டில் ரிமெய்ன்ஸ்’ அதன் இதயம். மூரும் மாத்தியோஸும் இணைந்த ‘ஓஎஸ்ஐ’ என்ற கூட்டணி, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைத்துச் சில மாதங்களிலேயே கலைத்த ஒரு பிரச்சார அலுவலகத்தின் பெயரைத் தாங்கி, 2003இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. அதில் டிரம்ஸ் வாசித்த போர்ட்னாய் நீண்ட, சிக்கலான ப்ரோக்ரெசிவ் இசையை எதிர்பார்த்தார். மூரோ குறுகிய, இறுக்கமான, பாதி பேச்சாக ஒலிக்கும் பாடல்களை வேண்டினார். மூரின் விருப்பமே நின்றது. இரண்டு பாதைகளும் ஒரே அறைக்குள் மோதிக்கொண்ட அந்தப் பதிவு, இந்த இசைவகையின் வரலாற்றில் தனி ஆய்வுக்கு உரியது. அதே 2003 கோடையில் டிரீம் தியேட்டரும் குவீன்ஸ்ரைக்கும் சேர்ந்து அமெரிக்கா முழுவதும் சுற்றுப்பயணம் செய்தபோது, ஃபேட்ஸ் வார்னிங் தொடக்கக் குழுவாக முதலில் மேடையேறி, குறைந்த நேரம் வாசித்து இறங்கியது. டிரீம் தியேட்டரைவிட வயதில் மூத்த குழுவுக்கு வாய்த்த இந்த இடமே, வரலாறு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

பின்வந்த பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2004இன் பத்தாம் தொகுப்புக்குப் பின் ஒன்பது ஆண்டு மௌனம்; ஸாண்டர் விலக, பாபி ஜார்சோம்பெக் டிரம்ஸுக்கு வந்தார்; 2013, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள். ஜார்சோம்பெக் ஆற்றல்மிக்கவர், ஆனால் ஸாண்டர் விட்டுவைத்த வெற்றிடங்களை அவர் நிரப்பிவிடுகிறார். அது ஒரு இழப்பு. 2016இன் ‘தியரிஸ் ஆஃப் ஃப்ளைட்’டில் ‘தி கோஸ்ட்ஸ் ஆஃப் ஹோம்’ என்ற நீண்ட பாடல், ஊர் ஊராக வீடு மாறிக்கொண்டே இருந்த தம் சிறுவயதை மாத்தியோஸ் எழுதியது. எந்த வீட்டிலும் வேர்விட நேரம் கிடைக்காத ஒரு பிள்ளையின் திகைப்பைப் பத்து நிமிடத்தில் சொல்லும் அந்தப் பாடல் ஒன்றுக்காகவே பிற்காலத்தை மன்னிக்கலாம். விழா மேடைகளில் ஆர்ச் காலத்தை ரசிகர்கள் கொண்டாடிய அதே ஆண்டில்தான் இது வெளிவந்தது என்பதும், கொண்டாடியவர்களில் பலர் இதைக் கவனிக்கவில்லை என்பதும் வருத்தத்துக்குரியவை.

மாத்தியோஸின் அந்தப் பாதை முற்றிலும் ஆளற்றுப்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓபெத் குழு 2003இல் தன் உறுமலையும் கனத்தையும் முழுக்க ஒதுக்கிவைத்து வெளியிட்ட ‘டாம்னேஷன்’, வார்சாவின் ரிவர்சைட் அதே ஆண்டில் வெளியிட்ட ‘அவுட் ஆஃப் மைசெல்ஃப்’ ஆகியவற்றில், சிக்கலைக் காட்டாமல் சுமக்கும் அந்தக் குணம் உண்டு. இவை நேரடி வாரிசுகளா என்று வாதிட வேண்டியதில்லை. உறவினர்கள் என்பதற்குக் காதே சாட்சி. இந்த வரிசையை முதன்மை மரபாக வைத்து ப்ரோக்ரெசிவ் மெட்டலின் வரலாறு எழுதப்பட்டால், 1992 ஒரு முக்கியமான வணிக நிகழ்வாகவும், 1997 அந்த வரலாற்றின் நடுத்தூணாகவும் அமையும்; கிதாரை எடுக்கும் புதிய கலைஞர்களுக்கும் வேகத்தைத் தவிர வேறொரு அளவுகோல் கிடைக்கும்.

மாத்தியோஸ் 2017இல் ‘டியூஸ்டே தி ஸ்கை’ என்ற பெயரில் ‘டிரிஃப்ட்’ என்ற தொகுப்பை வெளியிட்டார்; பெரும்பாலும் குரலின்றி, மூட்டமும் மழையுமாக மிதக்கும் கிதார் ஒலிகள். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘லாங் டே குட் நைட்’ ஃபேட்ஸ் வார்னிங்கின் பதின்மூன்றாம் தொகுப்பு; பதின்மூன்று பாடல்கள், எழுபத்திரண்டு நிமிடம். அதன்பின் முழுநீளத் தொகுப்பு எதையும் குழு வெளியிடவில்லை. பதினோரு நிமிடம் நீளும் பெரும்பாடல் ஒன்றை இறுதிக்கு முந்தைய இடத்தில் நிறுத்திவிட்டு, கடைசியாக அவர்கள் வைத்தது ‘தி லாஸ்ட் சாங்’ என்ற சின்னஞ்சிறு பாடல். ஒரு கிதார், ஆல்டரின் தாழ்ந்த குரல், சில நிமிடங்கள்.